குடியேற்றமும் குலப்பற்றும்: பிராட்ஃபோர்ட் நகரை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் குடியேறியவர்கள் தங்கள் குலக்கட்டுகளையும் மூட்டையோடு கொண்டுவந்துவிட்டார்கள், அதனால் அங்குள்ள தாராளவாத விழுமியங்கள் ஆட்டம் காணப் போகின்றன என்ற பேச்சு இன்று தேர்தல் மேடைகளிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் வரை புழங்குகிறது. பொதுப்படையாகப் பேசினால் இந்த வழக்குக்கு முடிவே வராது. ஆகவே ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன்: இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷரில் உள்ள பிராட்ஃபோர்ட். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்மாநகரத்தின் ஏறத்தாழ 5,46,000 பேரில் 25.5 விழுக்காட்டினர் தங்களைப் பாகிஸ்தானிய வம்சாவளியினர் என்று பதிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் பாகிஸ்தானின் ஆளுகைக்கு உட்பட்ட காஷ்மீரின் மீர்ப்பூர் மாவட்டமும் அதன் சுற்றுவட்டாரமும் ஆகும்.

குலப்பற்று என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

மீர்ப்பூர்க்காரர்கள் இதற்குப் பயன்படுத்தும் சொல் ‘பிராதரி’. சகோதரன் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய ‘பங்காளி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் அது இடத்துக்குத் தக்கபடி சுருங்கும், விரியும். ஒரு வீட்டுத் திருமணத்தில் பிராதரி என்றால் ஒரு தாத்தாவின் வழிவந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். தேர்தல் நாளில் அதே சொல் ஜாட், ராஜ்புத், பைன்ஸ், குஜ்ஜர் என்ற பெரும் பிரிவுகளைக் குறிக்கும்.

இந்தக் கட்டுக்குள் பாசம் உண்டு. பாசத்தோடு கணக்கும் உண்டு. ‘லேனா-தேனா’, அதாவது வாங்கலும் கொடுத்தலும், என்று அவர்கள் சொல்லும் வழக்கத்தில் ஒரு வீட்டு விசேஷத்துக்குச் செய்த முறையை மற்ற வீடு மறக்காமல் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பேச்சு வார்த்தை நின்றுபோகும். மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கடன் முழுவதுமாகத் தீர்ந்துவிட்டால் உறவும் தீர்ந்துவிடும் என்பதால் யாரும் கணக்கை நேர் செய்வதில்லை. கொஞ்சம் கூட்டியே திருப்பிச் செய்வார்கள்.

அது தாராளவாத விழுமியங்களோடு எந்த இடத்தில் மோதுகிறது?

தாராளவாதச் சட்டம் தனி ஆளை அலகாகக் கொண்டது. வாக்கு ஓர் ஆளுக்கு ஒன்று; திருமணத்துக்குச் சம்மதம் தர வேண்டியவர்கள் இருவர்; சாட்சி சொல்கிறவர் தன் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும்; வேலை, தகுதி உள்ளவருக்குப் போக வேண்டும். குலம் இந்த நான்கையும் வீட்டுச் சொத்தாகப் பார்க்கிறது. 1861இல் ஹென்றி மெய்ன் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர், முன்னேறும் சமூகங்கள் பிறப்பால் அமைந்த நிலையிலிருந்து தனியாட்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை நோக்கி நகர்கின்றன என்று எழுதினார். அடுத்த ஆண்டே அவர் இந்தியாவுக்கு வந்து வைஸ்ராயின் குழுவில் சட்ட உறுப்பினராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். அவர் சொன்ன நகர்வு ஒருவழிப் பாதை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இன்றைய அச்சம், அது திரும்பி நடக்கக் கூடுமோ என்பதுதான்.

இத்தனை பேர் ஒரே மாவட்டத்திலிருந்து ஒரே ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்?

பலர் நினைப்பதுபோல அவர்கள் திடீரென்று வந்தவர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே மீர்ப்பூர் ஆட்கள் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் அடித்தளத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டார்கள். சிலர் துறைமுகங்களிலேயே தங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிராட்ஃபோர்டின் கம்பளி ஆலைகளில் இரவுப் பணிக்கு ஆள் கிடைக்காமல் போனபோது, ஏற்கெனவே அங்கிருந்தவர்கள் அண்ணனையும் மச்சானையும் கூப்பிட்டார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி காமன்வெல்த் குடிமக்கள் பிரிட்டனுக்குள் வரத் தடை ஏதும் இருக்கவில்லை.

பிறகு இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. 1960இல் சிந்து நதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் தொடர்ச்சியாக ஜீலம் ஆற்றின் குறுக்கே 1961 முதல் 1967 வரை மங்களா அணை கட்டப்பட்டது. பழைய மீர்ப்பூர் நகரமும் நூற்றுக்கணக்கான கிராமங்களும் நீரில் மூழ்க, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிரிட்டனில் வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. இரண்டாவது காரியம் 1962ஆம் ஆண்டின் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம். கதவு மூடப் போகிறது என்ற செய்தி பரவியதுமே, ‘மூடுவதற்குள் போய்விடுவோம்’ என்று முந்திய ஆண்டுகளைவிடப் பன்மடங்கு பேர் புறப்பட்டார்கள். சட்டம் வந்தபின் வேலைக்கு வர வேலைச் சீட்டு வேண்டும்; ஆலையில் யாரேனும் தெரிந்தவர் சொன்னால் அந்தச் சீட்டு கிடைப்பது எளிது; தெரிந்தவர் என்றால் உறவுக்காரர்தான். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வந்த சட்டம், குடியேற்றத்தின் சாவியைப் பிராதரியின் இடுப்பில் செருகிவிட்டது. இந்த வேடிக்கையைப் பற்றி அரசியல் மேடைகளில் யாரும் பேசுவதில்லை.

நகரத்துக்கு வந்தபின் குலக்கட்டு தளர்ந்திருக்க வேண்டுமே? அது ஏன் இறுகியது?

மீர்ப்பூரில் பிராதரி தந்ததைவிட அதிகமாக அது பிராட்ஃபோர்டில் தந்தது என்பதே காரணம். தொடக்க காலத்தில் ஒரே வீட்டில் பதினைந்து இருபது ஆண்கள் தங்கினார்கள். பகல் பணிக்காரர் எழுந்த கட்டிலில் இரவுப் பணிக்காரர் வந்து படுத்தார். வங்கி கடன் தராது, வெள்ளைக்கார வீட்டுக்காரர் வாடகைக்கு விட மாட்டார் என்ற நிலையில், ‘கமிட்டி’ என்று அவர்கள் சொல்லும் சீட்டுப் பணத்தில்தான் முதல் வீடுகள் வாங்கப்பட்டன. மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. ஏமாற்றினால் ஊரில் தந்தையின் முகம் கெடும் என்பதே ஜாமீன்.

இதைவிட அழுத்தமான எடுத்துக்காட்டு, சாவுக் கமிட்டி. ஒரே கிராமத்தைச் சேர்ந்த குடும்பங்கள் ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்தும். யாரேனும் இறந்தால் உடலை மீர்ப்பூருக்கு விமானத்தில் அனுப்பும் செலவையும் கூடவே போகும் உறவினரின் பயணச் செலவையும் அந்த நிதி ஏற்கும். தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு குலத்தைப் பகைத்த ஒருவன், தன் தகப்பன் இறக்கும் நாளில் எந்த வாசலில் போய் நிற்பான் என்பதை எண்ணிப் பார்த்தால், ‘அந்த இளைஞர்கள் ஏன் விட்டு வெளியேறவில்லை’ என்று எளிதாகக் கேட்க முடியாது.

பின்னர் ஆலைகள் மூடின. நகரின் மேனிங்ஹாம் பகுதியில் ஒரு காலத்தில் பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் பேர்போன லிஸ்டர் ஆலை 1992இல் நின்றது. வெள்ளையரும் பிற இனத்தவரும் பக்கத்தில் நின்று உழைத்த ஒரே இடம் அதோடு போயிற்று. அதன்பின் வேலை என்றால் டாக்ஸி, சாப்பாட்டுக் கடை, மளிகை. இவை எல்லாமே சொந்தக்காரர் வழியாகக் கிடைப்பவை. 2001 ஜூலையில் பிராட்ஃபோர்டில் கலவரம் நடந்தபின் அரசு அமைத்த டெட் கான்டில் குழு, இந்த வடக்கு நகரங்களில் மக்கள் ஒன்றோடொன்று தொடாத இணைகோடுகளாக வாழ்கிறார்கள் என்று எழுதியது. அந்த விவரிப்பு சரியே. ஆனால் கோடுகள் இணையாகப் போனதற்கு ஆலை மூடல் எவ்வளவு காரணம் என்பதை அந்த விவாதத்தில் பலர் விட்டுவிட்டார்கள்.

குல வாக்கு என்பது நடைமுறையில் எப்படி இயங்குகிறது?

நம் ஊரில் சாதிச் சங்கத் தலைவரைப் பார்க்க வேட்பாளர் போவதைப் போலத்தான். ஒரு வார்டில் ஒரு பிராதரிக்கு எண்ணூறு வாக்கு இருக்கிறது என்றால், அதன் பெரியவர்கள் நான்கைந்து பேரோடு பேசினால் போதும். வீடு வீடாக ஏற வேண்டியதில்லை. கட்சிக்கு உழைப்பு மிச்சம், பெரியவர்களுக்குச் செல்வாக்கு, குலத்துப் பையன் ஒருவனுக்குக் கவுன்சிலர் பதவி. இந்த ஏற்பாட்டில் லேபர் கட்சி மட்டும் குளிர்காயவில்லை. 2005 பொதுத் தேர்தலில் பிராட்ஃபோர்ட் மேற்குத் தொகுதியில் கன்சர்வேடிவ் வேட்பாளருக்காக அஞ்சல் வாக்கு மோசடிக்குத் திட்டமிட்டதற்காக 2010இல் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள்.

அஞ்சல் வாக்கு இதில் முக்கியமானது. 2000ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் அஞ்சல் வாக்கு கேட்கலாம் என்று ஆயிற்று. வாக்களிப்பு எளிதாக வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் வந்த மாற்றம் அது. ஆனால் வாக்குச்சாவடியின் மறைப்புத் தட்டிக்கு ஒரு வேலை இருந்தது: உள்ளே போகும் மருமகளின் பின்னால் மாமனார் போக முடியாது. அஞ்சல் வாக்கு அந்தத் தட்டியை எடுத்துவிட்டது. சமையலறை மேசையில் ஏழு உறைகள் அடுக்கப்பட்டிருக்கும். வீட்டுப் பெரியவர் பேனாவை எடுத்து ஏழு சீட்டிலும் குறி போடுவார். மற்றவர்கள் கையெழுத்து மட்டும் இடுவார்கள். அடி, உதை, மிரட்டல் எதுவும் இருக்காது, தேநீர்கூட இருக்கும். பர்மிங்ஹாமில் 2004 உள்ளாட்சித் தேர்தலில் இதைவிட முற்றிய மோசடி நடந்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ரிச்சர்ட் மாவ்ரி, 2005இல் தந்த தீர்ப்பில், இது ‘வாழைப்பழக் குடியரசு’ என்று இகழப்படும் ஊழல் மலிந்த சிறு நாட்டுக்கே தலைகுனிவாக இருக்கும் என்று சொன்னது பிரிட்டன் முழுவதும் பேசப்பட்டது.

அப்படியானால் உள்ளிருந்து யாரும் எதிர்க்கவே இல்லையா?

எதிர்த்தார்கள்; அதுவும் தேர்தலிலேயே எதிர்த்தார்கள். 2012 மார்ச் 29 அன்று பிராட்ஃபோர்ட் மேற்கில் இடைத்தேர்தல் நடந்தது. லேபர் கட்சி, மாநகர மன்றத்தின் துணைத்தலைவராக இருந்த உள்ளூர்க்காரரை நிறுத்தியது. பெரியவர்களின் ஆதரவு அவர் பக்கம்; லண்டன் செய்தியாளர்கள் அத்தொகுதியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முடிவு வந்தபோது, பிராட்ஃபோர்டோடு எந்த உறவும் இல்லாத ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் காலோவே, ரெஸ்பெக்ட் என்ற சிறு கட்சியின் சார்பில் 18,341 வாக்கு, அதாவது 55.9 விழுக்காடு பெற்று 10,140 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார்.

காலோவேயை எனக்குப் பிடிக்காது. அவர் மதத்தையும் வெளிநாட்டுப் போர்களையும் கலந்து பேசி வாக்குக் கேட்டவர். ஆயினும் அவருக்குப் பின்னால் திரண்டவர்களைக் கவனிக்க வேண்டும். இளைஞர்களும் பெண்களும் தங்கள் தகப்பனாரும் மாமனாரும் சொன்ன பெட்டியில் வாக்குப் போட மறுத்தார்கள், ‘பிராதரி அரசியல் ஒழிக’ என்பதையே தங்கள் முழக்கமாக்கினார்கள். மூன்றே ஆண்டில், 2015 பொதுத் தேர்தலில், அதே தொகுதி காலோவேயைத் தோற்கடித்து நாஸ் ஷாவை 11,420 வாக்கு வித்தியாசத்தில் அனுப்பியது. தன்னைப் பதினைந்து வயதில் பாகிஸ்தானில் கட்டாயப்படுத்தித் திருமணம் செய்துவைத்தார்கள் என்று வேட்பாளராக இருந்தபோதே வெளிப்படையாக எழுதியவர் அவர். கட்டாயத் திருமணத்துக்கு ஆளானதை மறைக்காமல் எழுதிய ஒரு பெண்ணை, பிராதரியின் கோட்டை என்று சொல்லப்பட்ட தொகுதி பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

நெருங்கிய உறவில் திருமணம் செய்வதுதான் வேர் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. இங்கே தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கால் பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் உறவிலேயே மணந்தவர்கள். ஆனால் அமைப்பு வேறு. நமக்கு மாமன் மகளும் அத்தை மகளும் முறை. சித்தப்பா மகள் தங்கை, அவளைக் கட்டுவது நினைத்தும் பார்க்கக் கூடாதது. மீர்ப்பூரில் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளையும் கட்டலாம். பல குடும்பங்களில் அதுவே முதல் தேர்வு. நம் முறை பெண்ணை வேறொரு பங்காளி வட்டத்துக்குள் அனுப்பி இரண்டு குடும்பங்களை முடிச்சுப் போடுகிறது. அவர்கள் முறை சொத்தையும் பெண்ணையும் ஒரே வட்டத்துக்குள் நிறுத்தி வைக்கிறது. குலத்தை இறுக்குவதில் பின்னதற்குப் பலம் அதிகம்.

பிரிட்டனில் இதற்கு இன்னொரு பயன் சேர்ந்தது. 1971ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பின், வேலைக்காகப் புதிதாக ஆள் வர வழி ஏறக்குறைய அடைபட்டுப்போன நிலையில், கணவனாகவோ மனைவியாகவோ வருவதே மிஞ்சிய வழி. மீர்ப்பூரில் உள்ள தங்கைக்குத் தன் பெண்ணை மருமகளாக்குவது, தங்கை மகனுக்குப் பிரிட்டன் வாழ்வைத் தருவதாகும். மறுப்பது கூடப்பிறந்தவளைக் கைவிடுவதாகும். இந்தக் கணக்கில் பெண்ணின் விருப்பம் சிறு இலக்கமாகிவிட்டது. அத்துடன், ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோரில் ஒருவர் ஊரிலிருந்து புதிதாக வந்தவர் என்பதால், மூன்றாம் தலைமுறையும் ஒருவகையில் முதல் தலைமுறையாகவே மீண்டும் மீண்டும் தொடங்கியது. மற்றக் குடியேறிகளிடம் முப்பது ஆண்டில் நடந்த மாற்றம் இங்கே அறுபது ஆண்டு எடுத்ததற்கு இதுவே தலையாய காரணம் என்பது என் கருத்து.

உடல்நலப் பக்கத்தை ‘பார்ன் இன் பிராட்ஃபோர்ட்’ என்ற ஆய்வு அளந்தது. 2007இல் தொடங்கி, நகரத்தில் பிறந்த 13,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை அது தொடர்ந்து கவனிக்கிறது. பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு பொதுவாக 3 விழுக்காடு என்றால், பெற்றோர் இருவரும் உடன்பிறந்தோரின் பிள்ளைகளாக இருக்கையில் அது 6 விழுக்காடாகிறது என்று 2013இல் அது வெளியிட்டது. 2023இல் அதே ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு அதைவிடக் குறைவாகவே செய்தியானது: பத்தாண்டு இடைவெளியில், ஆய்வில் சேர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளித் தாய்மாரில் உறவினரை மணந்தவர்கள் 62 விழுக்காட்டிலிருந்து 46 விழுக்காடாகக் குறைந்திருந்தார்கள். பெண்கள் நெடுங்காலம் படிப்பது, மரபணு ஆபத்து பற்றிய விழிப்பு, வீட்டில் பெரியவர்களின் பிடி தளர்ந்தது, விசா விதிகள் மாறியது ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னார்கள்.

இது குலமா, இஸ்லாமா?

இரண்டும் ஒன்றில்லை, பல சமயங்களில் ஒன்றுக்கொன்று எதிரி. பஞ்சாபிச் சீக்கியரிடமும் ஜாட் குலப்பற்று வலுவாக உண்டு, உறவுத் திருமணம் கிடையாது. பிராட்ஃபோர்டில் ராஜ்புத் வீட்டுப் பெண் ஜாட் வீட்டுப் பையனை மணக்க விரும்பி, தகப்பன் மறுக்கும்போது, அவள் மேற்கோள் காட்டுவது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை அன்று. ‘சம்மதமில்லாத நிக்காஹ் செல்லாது, இஸ்லாத்தில் குல ஏற்றத்தாழ்வு இல்லை’ என்பதை. தாராளவாதிகளுக்கு இது கசப்பாக இருக்கலாம். குலத்தை உடைக்கிற கருவி சில வேளைகளில் மதமாக இருக்கிறது. அந்த மதம் வேறு விஷயங்களில் தாராளவாதத்தோடு மோதவும் செய்யலாம்.

மேற்குலகம் தன் சொந்தக் குலங்களை எப்படித் தொலைத்தது?

ஒருநாளில் இல்லை, மென்மையாகவும் இல்லை. இடைக்காலத்தில் மேலைத் திருச்சபை உறவுத் திருமணத்தை ஏழு தலைமுறை தூரம்வரை தடுத்தது. 1215இல் அத்திருச்சபையின் நான்காம் லாத்தரன் பேரவை அதை நான்காகக் குறைத்தது. பல நூற்றாண்டு நீடித்த இந்தத் தடையே ஐரோப்பாவில் குலங்களைத் தேய்த்து, முன்பின் அறியாதவரை நம்பும் பழக்கத்தை வளர்த்தது என்று அண்மையில் சில மானுடவியலாளரும் பொருளியலாளரும் வாதிடுகிறார்கள். கவர்ச்சியான வாதம்தான், ஆனால் அதையே முழுக் கதையாகக் கொண்டால் இங்கிலாந்து இடிக்கிறது. அந்நாட்டு மன்னர் எட்டாம் ஹென்றி 1540இல் உடன்பிறந்தோரின் பிள்ளைகள் தங்களுக்குள் மணப்பதைச் சட்டபூர்வமாக்கினார் (அப்போது அவர் மணக்கவிருந்த பெண், அவருடைய முன்னாள் மனைவியின் உறவினர் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்). சார்லஸ் டார்வின் 1839இல் மணந்தது மாமன் மகளை. விக்டோரியா மகாராணி 1840இல் மணந்ததும் மாமன் மகனைத்தான். அந்தக் காலத்து இங்கிலாந்தைக் குலச் சமூகம் என்று யாரும் சொல்வதில்லை. சட்டமும் சந்தையும் ஏற்கெனவே குலத்தின் வேலைகளை எடுத்துக்கொண்டிருந்தன.

குலம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதியும் உடையவர்கள் பிரிட்டனிலேயே இருந்தார்கள்: ஸ்காட்லாந்தின் மலைநாட்டார். 1746 ஏப்ரலில் கல்லோடன் போரில் அவர்கள் முறியடிக்கப்பட்டபின், லண்டன் அரசு குலத்தலைவர்கள் தங்கள் மக்களை விசாரித்துத் தண்டிக்கும் பரம்பரை அதிகாரத்தைச் சட்டம் போட்டுப் பறித்தது. ஆயுதத்தையும், 1782 வரை மலைநாட்டு உடையையும்கூடத் தடைசெய்தது. அதிகாரம் போன தலைவர்கள் வெறும் நிலச்சுவான்தார்களாகி, ஆட்டு மந்தை லாபம் தரும் என்று தங்கள் குலத்தாரையே நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். வெளியேறியவர்களில் பலர் கனடாவில் குடியேறிகளானார்கள். இன்றைய அரசு இந்த வழியைப் பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. ஆனால் அதில் ஒரு பகுதியைக் கவனிக்கலாம்: நியாயம் கேட்க மக்கள் போக வேண்டிய இடத்தைத் தலைவரின் வீட்டிலிருந்து நீதிமன்றத்துக்கு மாற்றியதுதான் குலத்தின் முதுகெலும்பை முறித்தது.

டென்மார்க்கின் கடுமையான வழி பலன் தந்ததா?

டென்மார்க் 2002இல் ஒரு விதி வகுத்தது: வெளிநாட்டுத் துணையை அழைத்துவர இருவருக்கும் 24 வயது நிறைந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பெண்ணைவிட, படிப்பை முடித்துச் சம்பாதிக்கும் இருபத்துநாலு வயதுப் பெண் ‘மாட்டேன்’ என்று சொல்லக்கூடியவள் என்பது அதன் தர்க்கம். அடுத்து, நெருங்கிய உறவினருக்கிடையேயான திருமணம் கட்டாயத் திருமணமாகவே கருதப்படும் என்ற ஊகமும் சட்டத்தில் ஏறியது. துணை அழைப்புகள் குறைந்தன. இளவயதுத் திருமணம் தள்ளிப்போயிற்று. அதோடு, காதலித்து மணந்த சாதாரண டேனிஷ் குடிமக்களும் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலர் ஐரோப்பிய ஒன்றிய விதியைப் பயன்படுத்தி, பாலத்தின் மறுகரையில் உள்ள ஸ்வீடனின் மால்மோவில் வீடெடுத்து, தினமும் கோபன்ஹேகனுக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தார்கள். இருபத்தெட்டு ஆண்டு குடியுரிமை பெற்றிருந்தவர்களுக்குச் சலுகை தந்த துணைவிதி, பிறப்பால் டேனிஷ் அல்லாதவரை வேறுபடுத்துகிறது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

என் எண்ணம் இது: வயது விதியில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் அது எல்லோருக்கும் பொது, பெண்ணுக்குக் காலத்தை வாங்கித் தருகிறது. இருபத்தெட்டு ஆண்டு விதியில் நியாயம் இல்லை. வம்சாவளி பார்த்து உரிமையை அளப்பது, குலம் செய்யும் வேலையையே அரசும் செய்வதாகும்.

ஜெர்மனியில் ‘குலக் குற்றம்’ என்று பேசுகிறார்களே?

பேசுவதற்குக் காரணம் உண்டு. 2019 நவம்பர் 25 அன்று டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் அரச நகைகள் கொள்ளை போன வழக்கில், 2023 மே மாதத்தில் தண்டிக்கப்பட்ட ஐவரும் பெர்லினில் வாழும் ஒரே விரிந்த குடும்பத்தார். இத்தகைய குடும்பங்களில் பல, லெபனான் உள்நாட்டுப் போரின்போது கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்தவை. அவர்களைத் திருப்பி அனுப்பவும் முடியாமல், ஏற்கவும் மனமில்லாமல், ‘பொறுத்துக்கொள்ளப்பட்டவர்’ என்ற நிலையில் ஆண்டுக்கணக்கில் வைத்தார்கள். பெரும்பாலும் வேலை செய்ய அனுமதி இல்லை. குடும்பத்தைத் தவிர வேறு எதையும் நம்ப வழியில்லாதவர் குடும்பத்தையே நம்பினார். இது குற்றத்துக்கு மன்னிப்பாகாது. விளக்கத்தில் ஒரு பங்கு.

ஈழத்தமிழர் மட்டும் வேறா?

முழுவதும் வேறில்லை. டொரன்டோவிலும் லண்டனிலும் ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் சீட்டும் உண்டு. திருமணப் பேச்சில் சாதி விசாரிப்பு இன்றும் உண்டு. ஆனால் அவர்கள் 1983க்குப் பின் போரால் பல நாடுகளுக்குச் சிதறிப்போனார்கள், ஒரே ஆலை நகரத்துக்கு ஒரே மாவட்டம் இடம்பெயரவில்லை. அத்துடன் தேசிய அரசியல் குலத்தைவிடப் பெரிய குடையாக விரிந்தது. நம்மவர் குணத்தில் உயர்ந்தவர் என்பதால் இந்த வேறுபாடு வந்தது என்று மார்தட்டிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

குடியேற்றத்தை நிறுத்திவிட்டால் பிரச்சினை தீருமா?

ஏற்கெனவே பிறந்து வளர்ந்த பிரிட்டிஷ் குடிமக்களைப் பற்றியல்லவா பேசிக்கொண்டிருக்கிறோம்? வருகையின் எண்ணிக்கையும் வேகமும் பொருட்டில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆண்டுதோறும் ஊரிலிருந்து துணை வருவது மாற்றத்தைப் பின்னுக்கு இழுத்தது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் கதவை மூடியபோதெல்லாம், திறந்திருந்த சிறு துவாரத்தின் காவல் குலத்தின் கைக்கே போயிற்று. அதைவிட அரசும் கட்சிகளும் நேரடியாகச் செய்யக்கூடியவை உள்ளன. கட்டாயத் திருமணம் இங்கிலாந்தில் 2014இல் குற்றமாக்கப்பட்டது; திருமண வயது 2023 பிப்ரவரியில் விதிவிலக்கின்றி 18 ஆயிற்று. அதற்கு முன்னும் புகார்கள் இருந்தன. பெற்றோர் விடுப்புக் கேட்டு மாணவியை ஊருக்கு அழைத்துப் போனபோது, ‘அவர்கள் பண்பாடு’ என்று பள்ளிகளும் நகர மன்றங்களும் கண்ணை மூடிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த மரியாதை குலத்தின் பெரியவர்களுக்குப் போயிற்று, மாணவிக்குப் போகவில்லை. தாராளவாதம் தோற்ற இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், குடியேறிகள் வந்திறங்கிய விமான நிலையத்தைக் காட்டமாட்டேன். அந்த விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட மேசையைக் காட்டுவேன்.

இப்போது பிராட்ஃபோர்டில் நிலைமை என்ன?

2024 பொதுத் தேர்தலில் நாஸ் ஷா வெறும் 707 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். காஸா போரை முன்வைத்து நின்ற சுயேச்சை வேட்பாளர் அவரை நெருங்கிவந்தார். அந்த முடிவில் பிராதரிக் கணக்கை விடக் காஸாவே பெரிதாகப் பேசப்பட்டது. குலத்திலிருந்து விடுபட்ட வாக்கு தாராளவாதி விரும்பும் பக்கமே போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வேறு ஒன்றை விரும்புவதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சுதந்திரம்.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2023 முதல் இங்கிலாந்தின் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும். மறைப்புத் தட்டிக்குப் பின்னால் இன்னொருவரோடு சேர்ந்து போய் அவர் வாக்கைத் திருப்ப முயல்வது அதே ஆண்டு தனிக் குற்றமாயிற்று. 2024 மே முதல், ஒருவர் தன்னுடையது தவிர ஐந்து பேருடைய அஞ்சல் வாக்குகளைத்தான் சாவடியில் ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும்போது பெயர், முகவரி எழுதி ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்த உறைகளுக்குள் குறி போட்டது யார் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை.